மூன்றாம் சாட்சி

பொலிஸ் அறிக்கையின் நான்காம் பக்கத்தில் மேர்டிலுக்கு முதலில் கோபத்தை மூட்டியது அங்கிருந்த தலைப்பு. தம்பியின் பெயர் கண்ணில் பட்டது அதற்குப் பிறகுதான்.

‘அரச தரப்புச் சாட்சிகள்’ என்று போட்டு, கீழே மூன்று ஆண்களை எழுதியிருந்தார்கள். ஒருவர் நெல் ஆலை முதலாளி. அடுத்தவர் வங்கி முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்றாவது க்ளைவ், வயது நாற்பத்தொன்று, ஏசி திருத்துபவர், மட்டக்களப்பு. முகவரியை அவள் இரண்டு தரம் வாசித்தாள். போன வாரம்தான் அந்த வீட்டுக்கு அப்பம் கொண்டுபோய்க் கொடுத்திருந்தாள்.

களுவாஞ்சிக்குடியில் சிறுவர் பாதுகாப்பு உத்தியோகத்தராக மேர்டிலுக்கு அது பதினேழாவது வருடம். அடிபட்ட பிள்ளைகள், பள்ளிக்கூடத்தை விட்டு வேலைக்குப் போன பிள்ளைகள் என்று நிறையக் கோப்புகளைக் கண்டவள். இந்தக் கோப்பு பதினைந்து வயதுப் பிள்ளை ஒன்றைப் பற்றியது. பெயரை வெளியிடச் சட்டம் விடாது; இந்தக் கதைக்கும் அது தேவையில்லை. வாவிக்கு மேற்கே, படுவான்கரைக் கிராமம் ஒன்றில் மாமியின் வீட்டில் இருந்து படித்தவள். தாய் குவைத்தில் வீட்டு வேலை. தகப்பன் எப்போதோ வேறு குடும்பத்தோடு போய்விட்டான். வாவிக்கரையில் ஆறு அறை விடுதி நடத்திய இராசதுரை மாமிக்குத் தூரத்து உறவு. லீவு நாட்களில் வந்து வரவேற்பு மேசையில் இருந்தால் போதும், கைச்செலவுக்கும் ஆகும், ஒரு போனும் வாங்கித் தருகிறேன் என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போனான். லீவு முடிந்து பள்ளிக்கூடம் தொடங்கியும் அவள் திரும்பி வரவில்லை. தாயிடம் போய்விட்டாள் என்று மாமி வகுப்பாசிரியரிடம் சொல்லி வைத்தாள். நான்கு மாதம் அந்த விடுதிக்குள் பூட்டி வைத்து இராசதுரை அவளை விற்றான். பக்கத்து வளவில் தேங்காய்த் தும்பு அடிக்கும் பெண் ஒருத்தி சிறுவர் உதவி இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லித்தான் விசயம் வெளியே வந்தது.

இராசதுரை விளக்கமறியல் சிறையில். பிள்ளை முதலில் ஆஸ்பத்திரியில், பிறகு சிறுவர் இல்லத்தில். இராசதுரையின் போனைக் கிண்டியபோது, அவனுடைய வங்கிக் கணக்குக்குக் காசு போட்ட மூன்று பேர் அகப்பட்டார்கள். மூன்று பேரையும் பொலிஸ் நிலையத்துக்குக் கூப்பிட்டு, கதிரை கொடுத்து, வாக்குமூலம் எழுதி, கையொப்பம் வாங்கி, பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

பிள்ளை அன்று பகல் எங்கே சாப்பிட்டாள் என்பது மேர்டிலுக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக் கட்டிலில், வாசலில் ஒரு பெண் கொன்ஸ்தாபிள் காவலிருக்க, பாதிச் சோற்றை ஒதுக்கி வைத்திருந்தாள். சீப்பு ஒன்று கிடைக்குமா மிஸ் என்று கேட்டாள். மேர்டில் வெளியே போய் வாங்கி வந்து கொடுத்தாள். தலையை இழுத்துக்கொண்டே, யாரோ ஒருத்தியின் கதையைச் சொல்வதுபோல அந்தப் பிள்ளை சொன்னது:

“காசு குடுக்கிற நேரம் அவங்க என்னைப் பாக்கமாட்டாங்க மிஸ். இராசதுரை அண்ணனத்தான் பாப்பாங்க. கடையில சாமான் வாங்கக்குள்ள சாமானோட ஆரும் கதைக்கிற இல்லத்தானே.”

சீப்பில் சிக்கிய மயிரை எடுத்துவிட்டு இன்னொன்றும் சொன்னாள்.

“ஒராள் மட்டும் கதைச்சவர். என்ன வகுப்பு எண்டு கேட்டார். பத்து எண்டன். தன்ட மகளும் பத்துத்தான் எண்டார். அப்பிடியெண்டா எழும்பிப் போயிருவார் எண்டு நான் நினைச்சன்.”

அன்றைக்கு மேர்டிலுக்கு அந்த ஆள் யாரோ ஒரு ஆள்.

இப்போது, மேசையில் விரிந்து கிடந்த நான்காம் பக்கத்துக்கு முன்னால், அவன் யார் என்று அவளுக்கு விளங்கியது. க்ளைவின் மகள் பத்தாம் வகுப்பு. ஆலை முதலாளியின் பிள்ளைகள் கலியாணம் முடித்தவர்கள். வங்கிக்காரருக்குப் பிள்ளையே இல்லை. ஊர் சிறியது, எல்லாருடைய வீடும் எல்லாருக்கும் தெரியும். மேர்டில் எழுந்து போய் முகத்தைக் கழுவிவிட்டு வந்தாள். கோப்பை மூடவில்லை. ஓட்டோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போனாள்.

பொறுப்பதிகாரி மரியாதையான மனிதர். அவளைக் கண்டதும் எழுந்து நின்றார்.

“இந்த மூண்டு பேரும் எப்பிடி சேர் சாட்சியானாங்க?” என்று கேட்டாள்.

“இஞ்ச பாருங்க மிஸ். இவங்க வந்து, ஓம், இராசதுரைக்குக் காசு போட்டம் எண்டு சொல்லியிருக்காங்க. அது இல்லாட்டி வித்தவனப் பிடிச்சு வைக்கேலாது. இவங்களையும் உள்ள போட்டா ஆர் வந்து சாட்சி சொல்லுறது?”

“பிள்ளை சொல்லும். போனில காசு வந்த செய்தி கிடக்கு. வைத்தியர்ட அறிக்கை கிடக்கு. இவங்க வாயால சொல்லித்தான் தெரியவேணுமெண்டு என்ன இருக்கு?”

“குடும்பக்காரங்க மிஸ். பேர் வெளியில போனா அந்த வீடுகள் என்னத்துக்காகும்?”

“ஒரு பிள்ளைய வாங்கக்குள்ள அவங்களுக்குக் குடும்பம் இருக்கல்லயா சேர்?”

அவர் பேனையை மூடினார். குரலைத் தாழ்த்தினார். “உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. மூண்டாவது ஆள் உங்கட தம்பி எண்டு எனக்குத் தெரியும். ஆலைக்காரருக்காக ஆக்கள் கதைச்சது மெய்தான். ஆனா உங்கட முகத்துக்காகவும்தான் நான் இப்பிடி எழுதினன்.”

நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்த முகம் அது. பதினேழு வருடம் இந்த வாசலில் ஏறி இறங்கி, ஒவ்வொரு பிள்ளைக்காகவும் மன்றாடிச் சேர்த்து வைத்த மரியாதையை அந்த மனிதர் எடுத்து, அவளைக் கேட்காமலே க்ளைவுக்குக் கொடுத்திருந்தார்.

“என்ட முகத்த இதுக்குள்ள வைக்காதீங்க சேர்,” என்று சொல்லிவிட்டு மேர்டில் எழுந்தாள்.

அன்று பின்னேரமே நகரத்துக்குப் போய், பிள்ளைக்காக இலவசமாக ஆஜராகும் சட்டத்தரணி ஸஹீதாவைச் சந்தித்தாள். காத்தான்குடிக்காரி, வயதில் மேர்டிலைவிடப் பத்து வருடம் இளையவள். சுற்றி வளைத்துப் பேசுவது அவளிடம் இல்லை. மேர்டில் சொல்லி முடித்ததும் ஸஹீதா ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவள் முன்னால் வைத்தாள்.

“ரெண்டு கடிதம் எழுதணும் மிஸ்,” என்றாள். “ஒண்டு உங்கட மேலதிகாரிக்கு. இதில வாற ஒராள் என்ட சகோதரன், நான் இந்த வழக்கில இரிந்து விலகிறன் எண்டு. மற்றது, விலக முந்தி நீங்க கண்டது கேட்டது எல்லாத்தையும் வைச்சு நீதிமன்றத்துக்கு அறிக்கை. ரெண்டும் ஒரே நாளில போகணும். விலகாம எழுதினா அதில ஆயிரம் நொட்டை சொல்லுவாங்க. விலகின புறகு எழுதினா உங்களுக்கு என்ன உரிமை எண்டு கேப்பாங்க.”

“அறிக்கையில இவங்கள என்னெண்டு எழுதுறது?”

“செய்தத எழுதுங்க. பதினாறு வயசு முடியாத பிள்ளை சம்மதிச்சது எண்ட கதையே சட்டத்தில இல்ல. காசு குடுத்தா அது மாறவும் மாட்டாது.” ஸஹீதா கொஞ்சம் தயங்கினாள். “மிஸ், உங்கட தம்பிட பேர நீங்க உங்கட கையால எழுதணும். ஏலுமா?”

“நான்தான் அவனுக்குப் பேரெழுதப் பழக்கினவள்,” என்றாள் மேர்டில்.

அது உண்மை. க்ளைவுக்கு எட்டு வயதாக இருக்கும்போது தாய் இறந்தாள். மேர்டிலுக்கு அப்போது பதினைந்து. தகப்பன் தச்சுப் பட்டறையே கதி என்று கிடந்தவர். தம்பிக்குச் சோறு போட்டது, தலைமயிர் வெட்டிவிட்டது, முதல் நற்கருணைக்கு வெள்ளைச் சட்டை தைத்தது எல்லாம் அவள்தான். அவன் பியோனாவைக் கட்டும்வரை தனக்கென்று அவள் ஒன்றும் யோசிக்கவில்லை. பிறகு யோசிப்பதற்குக் காலம் கடந்துவிட்டது. அறிக்கையில் அவனுடைய பெயரை அவளே எழுதினாள். இரண்டு கடிதமும் ஒரே நாளில் போயின.

ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு க்ளைவும் பியோனாவும் அவள் வீட்டுக்கு வந்தார்கள். பொலிஸ் நிலையத்திலிருந்து யாரோ தகவல் சொல்லியிருக்க வேண்டும். பியோனாவின் கண் வீங்கியிருந்தது. க்ளைவ் கதிரையில் உட்காரவில்லை.

“அக்கா, நான் அந்தப் பிள்ளையக் கொண்டு வரல்ல,” என்றான். “பூட்டி வைக்கல்ல, அடிக்கல்ல. அதெல்லாம் இராசதுரை செய்தது. நான் பிழை விட்டன், ஓம். கோயிலில சுவாமியிட்டப் பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டன். ஆனா நான் கள்ளனில்ல, கடத்தினவனில்ல.”

“நீங்க மூண்டு பேரும் காசு குடுக்காட்டி அவன் என்னத்துக்கு அந்தப் பிள்ளையப் பூட்டி வைச்சிருப்பான்? பாத்து ரசிக்கவா?”

“பதினெட்டு வயசெண்டுதான் அவன் சொன்னவனாம் அக்கா,” என்றாள் பியோனா. “இவருக்கு எப்பிடித் தெரியும்? உடம்பப் பாத்து வயசு சொல்லேலுமா?”

மேர்டில் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். அவன் பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். என்ன வகுப்பு என்று கேட்டவன் நீதானே என்ற கேள்வி அவளுடைய தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அதைக் கேட்டால் அந்த நிமிடமே பியோனாவின் வாய் அடைபட்டுவிடும். ஆனால் அது ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து ஒரு பிள்ளை நம்பிச் சொன்ன சொல். எதிராளியின் காதில் முன்கூட்டியே போட்டால், நீதிமன்றத்துக்கு வரும்போது அவன் அதற்கு மறுமொழி தயாரித்துக்கொண்டு வருவான். மேர்டில் அதை விழுங்கினாள். வாழ்க்கையில் அவள் செய்த மிகக் கடினமான வேலைகளில் அது ஒன்று.

பியோனா விடவில்லை. “சுனாமியண்டு இவர் என்ன செய்தவர் எண்டு உங்களுக்குத் தெரியாதா? தண்ணிக்குள்ள இறங்கி ஆருட்டயோ ரெண்டு பிள்ளையளத் தூக்கிக்கொண்டு வந்தவர். அதுகள் இண்டைக்கும் நத்தார்ப் பெருநாளுக்கு வந்து இவரப் பாத்துட்டுத்தான் போகுதுகள். அப்பிடிப்பட்ட மனிசனையா நீங்க மறியலுக்கு அனுப்பப் போறீங்க?”

“ஓம்,” என்றாள் மேர்டில். “தலைக்கு மேல தண்ணி வந்த நேரத்திலயும் அதுகள் பிள்ளையள் எண்டு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. இது பிள்ளை எண்டு மட்டும் தெரியாமப் போச்சா?”

தெருவில் மீன்காரன் ஒலி எழுப்பிக்கொண்டு போனான்.

“அம்மா இருந்திருந்தா நீ இதச் செய்வியா அக்கா?” என்று க்ளைவ் கேட்டான்.

“அம்மா இல்லாததாலதான் நான் செய்யிறன். உன்ன வளத்தவள் நான். நான் பேசாம இருந்தா அதுக்கும் நான்தான் பொறுப்பு.”

அவன் வெளியே போய் மோட்டார் சைக்கிளை உதைத்தான். பியோனா வாசலில் நின்று, “இனி எங்கட வீட்டுப் படி மிதிக்கவேணாம்,” என்று சொல்லிவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டாள்.

புதன்கிழமை வழக்கு எடுக்கப்பட்டது. கோப்பு அதற்குள் றமீஸா என்ற இளம் உத்தியோகத்தரிடம் போய்விட்டது. மேர்டில் லீவு எடுத்துக்கொண்டு, பொதுமக்கள் இருக்கும் கடைசி வாங்கில் போய் உட்கார்ந்தாள். சாட்சிகள் மூவரும் முன்வரிசையில் இருந்தார்கள். ஆலை முதலாளி வெள்ளைச் சட்டையும் சந்தனப் பொட்டுமாக, ஏதோ பரிசளிப்பு விழாவுக்கு வந்தவரைப்போல இருந்தார்.

ஸஹீதா தன் மனுவைச் சமர்ப்பித்து, அறிக்கையின் இரண்டு பந்திகளை வாசித்தாள். நீதவான் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பொறுப்பதிகாரியைப் பார்த்துக் கேட்டார்.

“இந்தச் சாட்சிகள் எதைக் கண்ட சாட்சிகள்?”

“காசு கொடுக்கப்பட்டதை, கனம் நீதவான் அவர்களே.”

“யார் கொடுத்ததை?”

பொறுப்பதிகாரி தாள்களைப் புரட்டினார்.

“அவர்கள் கொடுத்ததை அவர்களே கண்டிருக்கிறார்கள். அப்படித்தானே? எதை வாங்கினார்கள் என்று ஏன் எழுதவில்லை?”

மூவரையும் சந்தேகநபர்களாகப் பெயரிட வேண்டும், பதினான்கு நாள் விளக்கமறியல், அடையாள அணிவகுப்பு என்று நீதவான் கட்டளை சொன்னபோது, ஆலை முதலாளி நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனார்கள். வங்கிக்காரர், நான் யார் தெரியுமா என்று சிறைக்காவலரிடம் கேட்டுக்கொண்டே நடந்தார். க்ளைவ் கதவடியில் திரும்பிக் கடைசி வாங்கைப் பார்த்தான். மேர்டில் முகத்தைத் திருப்பவில்லை. நீதிமன்றம் கலைந்து, கூட்டுகிற பெண் வந்து காலைத் தூக்கச் சொல்லும்வரை அங்கேயே இருந்தாள்.

அதன் பிறகு ஊர் கதைத்தது. கோயிலில் ஞாயிறு பூசைக்கு அவள் உட்காரும் வரிசை காலியாகத் தொடங்கியது. சொந்த ரத்தத்தை விற்றவள் என்று சித்தப்பா முறையான ஹியூபர்ட் நேரிலேயே சொன்னார். அதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாத கதை வேறு. மாதர் சங்கக் கூட்டத்தில் ஒருத்தி, “அந்தப் பிள்ளையும் போனுக்கு ஆசைப்பட்டுத்தானே போனது,” என்றாள்.

மேர்டில் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். “போனுக்கு ஆசைப்படாத பதினஞ்சு வயசு இஞ்ச ஆருட வீட்டில இருக்கு, சொல்லுங்க. ஆசைப்பட்டது போனுக்கு. அதுக்கு நாங்க வைச்ச விலை இது. கேட்ட பிள்ளையத் தெரிஞ்சிருக்கு உங்களுக்கு. விலை குடுத்தவங்கட பேர ஒருத்தரும் வாயால எடுக்கிறீங்க இல்ல.”

அந்தக் கூட்டத்துக்கு அவள் பிறகு போகவில்லை.

அடையாள அணிவகுப்பில் பிள்ளை மூவரையும் காட்டினாள். மூன்றாவது ஆளின் முன்னால் நின்று, இவர்தான் என்னிடம் வகுப்பைக் கேட்டவர், மகளைப் பற்றிச் சொன்னவர் என்று சொன்னாள். அது எழுத்தில் பதிவானது. அடுத்த வழக்குத் தவணையில் அதை வாசித்தபோது பியோனா நீதிமன்றத்தில் இருந்தாள்.

மறுநாள் அவள் மேர்டிலின் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

“உங்களுக்கு இது முந்தியே தெரியுமா?”

“தெரியும்.”

“அண்டைக்கு நான் அவ்வளவு கதைச்சனே. ஏன் சொல்லல்ல?”

“அது அந்தப் பிள்ளைட சொல்லு, பியோனா. அவள்தான் சொல்லோணும்.”

பியோனா கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “என்ட மகள் கேக்கிறாள், அப்பா என்ன செய்தவர் எண்டு. நான் என்னத்தச் சொல்லுறது? உன்ன நினைச்சுக்கொண்டே இன்னொரு பிள்ளைக்குக் காசு குடுத்தவர் எண்டா?”

“பொய் மட்டும் சொல்லாத,” என்றாள் மேர்டில். “மற்றத நான் வந்து இருந்து கதைக்கிறன், நீ விட்டா.”

பியோனா அதற்கு மூன்று மாதம் கழித்துத்தான் அவளை வீட்டுக்குக் கூப்பிட்டாள்.

ஒன்றரை வருடத்துக்குப் பிறகு மேல் நீதிமன்றத்தில் குற்றப்பத்திரம் வந்தது. விற்றவனும் வாங்கியவர்களும் ஒரே கூண்டில் நின்றார்கள். இராசதுரையும் ஆலை முதலாளியும் வங்கிக்காரரும் தாங்கள் குற்றமற்ற சுற்றவாளிகள் என்றார்கள். க்ளைவ் குற்றவாளி என்றான். பிள்ளையின் வயதை அறிந்திருந்தாயா என்று நீதிபதி கேட்டார். அவனுடைய சட்டத்தரணி எழுந்து ஏதோ சொல்லப் பார்த்தார். க்ளைவ் அவரைக் கையால் மறித்தான்.

“தெரியும் ஐயா. கேட்டுத் தெரிஞ்சுகொண்டுதான் செய்தன்.”

பத்து வருடக் கடூழியச் சிறை. பிள்ளைக்கு நட்டஈடு. மேர்டில் மாதம் ஒருமுறை சவர்க்காரமும் பற்பசையும் கொண்டுபோய்ப் பார்க்கிறாள். போனால் இருவரும் அதிகம் பேசுவதில்லை. தீர்ப்பு வந்த அன்று, இனிக் கோபம் அடங்கும் என்று நினைத்திருந்தாள். அடங்கவில்லை. கோபமும் பாசமும் ஒரே இடத்தில் கிடந்து அவளைத் தின்றன.

பிள்ளைக்கு இப்போது பதினேழு. தாய் குவைத்திலிருந்து வந்துவிட்டாள். இருவரும் வேறு ஊரில் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். சாதாரண தரப் பரீட்சையில் ஆறு பாடம் சித்தி, கணிதம் போய்விட்டது, திரும்ப எடுக்கப்போகிறாள். இதெல்லாம் றமீஸா சொல்லித்தான் மேர்டிலுக்குத் தெரியும். மூன்றாவது ஆளின் அக்காதான் ஆஸ்பத்திரியில் வந்து பேசிய மிஸ் என்று பிள்ளைக்கு ஒருநாள் தெரியவந்ததாம். “அவ நல்லவதான். ஆனா அவவப் பாக்க எனக்கு விருப்பமில்ல,” என்றாளாம்.

றமீஸா இதைத் தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். அப்படிச் சொல்லப் பிள்ளைக்கு எல்லா உரிமையும் இருக்கிறது என்று மேர்டில் சொன்னாள். அன்று பஸ்ஸில் வீடு வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள்.

மற்ற மூவரின் வழக்கும் நடந்துகொண்டிருக்கிறது. ஆலை முதலாளி பிணையில் வெளியே வந்து, மாலை மரியாதையோடு விழாக்களுக்குப் போய்வருகிறார். அவருடைய சட்டத்தரணிகளுக்கு ஒவ்வொரு தவணையிலும் புதிதாக ஒரு காரணம் கிடைக்கிறது. அடுத்த தவணை பொங்கல் கழிந்து இரண்டாம் நாள். அன்றைக்கும் ஏதாவது சொல்லித் தள்ளிப்போடுவார்கள் என்றாள் ஸஹீதா. போடட்டும் என்றாள் மேர்டில். தவணை நாளுக்கான லீவுக் கடிதத்தை அன்றே எழுதிக் கொடுத்துவிட்டாள்.